போனில் வந்த டொக்டரும் நம்முடைய திருப்தியும்

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலைய மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை விறகு வேலை, உடுப்புக் கழுவுகிற வேலை, தோட்டக்காய்க் கொத்து வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். கொவிட் காலத்தில் டொக்டர் நம்மை நேரில் பார்க்காமல் போனில் பார்த்தாரே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். அந்த முறை நமக்குத் திருப்தியாக இருந்ததா, திருப்தி என்று நாம் சொன்னதெல்லாம் திருப்திதானா, இனிமேல் அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதுதான் பேச்சு.

"அது முடிஞ்ச கதைதானேங்க, இப்ப என்னத்துக்கு?" என்று யாராவது கேட்கலாம். கொவிட் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது உண்மைதான். ஆனால் பாதை அடைபடுவது முடிந்துவிட்டதா? 2022இல் பெற்றோல் இல்லாமல் ஆட்டோக்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை இடத்தில் மண் சரிந்து பாதை போனது என்பதையும் கண்ணால் பார்த்தோம். பாதை அடைபட்டால் நமக்கு மிஞ்சுவது போன்தான். ஆகவே அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

அது வந்த விதம்

கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். 2020 மார்ச் 11ஆம் திகதி இதை உலகம் பூராவும் பரவிய தொற்று என்று அறிவித்தார்கள். அதே கிழமையில்தான் நம்முடைய நாட்டு ஆள் ஒருவருக்கு முதல் தடவையாக நோய் கண்டது. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். கொழும்பு பூட்டிக் கிடந்தது, ஆனால் கொழுந்து நிற்கவில்லை. தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. நாம் இடைவெளி விட்டுப் பிரட்டில் நின்றோம், வாயைக் கட்டிக்கொண்டு மலை ஏறினோம், தராசடியில் ஒருவரை ஒருவர் தள்ளி நிற்கச் சொன்னோம்.

வேலை இருந்தது, பஸ் இல்லை. கிளினிக் கொப்பியில் திகதி போட்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர், இருதய வருத்தக்காரர், வலிப்புக்கு மருந்து எடுக்கிறவர்கள், எல்லோருக்கும் குளிசை முடிந்துகொண்டு வந்தது. அப்போது சுகாதாரப் பகுதியார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கிளினிக் மருந்தைத் தபால் மூலமும், சுகாதார ஊழியர்கள் மூலமும் வீட்டுக்கே அனுப்பினார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளியின் போன் நம்பரைக் கொப்பியில் எழுதிவைத்து, டொக்டரே எடுத்துப் பேசினார். 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை திரும்பவும் நாடு பூட்டுப்பட்டபோது ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. நோய்க்குறி குறைந்தவர்களை வீட்டில் வைத்தே டொக்டர்மார் போனில் கவனித்தார்கள். அதற்கு 1390 என்று ஓர் இலக்கமும் தந்தார்கள்.

இது நம்முடைய நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அந்த ஒரு வருஷத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து, இந்தியா என்று எங்கேயும் டொக்டர் போனுக்குள் போய்விட்டார். இந்தியாவில் 2020 மார்ச் 25ஆம் திகதி அதற்கென்று ஒழுங்குவிதிகளே போட்டார்கள். நேரில் பார்க்கவேண்டிய நோய் என்று டொக்டருக்குப் பட்டால், போனோடு நிறுத்தாமல் நேரில் வரச்சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. போன் வைத்தியம் புதுசும் அல்ல. டெலிபோன் வந்து மூன்று வருஷத்தில், 1879இலேயே, ஒரு குழந்தையின் இருமலை டொக்டர் ஒருவர் டெலிபோனில் கேட்டு, பயப்படுகிற இருமல் இல்லை என்று சொன்ன சங்கதி இங்கிலாந்தின் லான்செட் வைத்தியப் பத்திரிகையில் வந்திருக்கிறது.

பல நாடுகளில் நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தபோது கூடுதலானவர்கள் திருப்தி என்றே சொன்னார்கள். பிரயாணம் மிச்சம், காத்திருக்கத் தேவையில்லை, தொற்றுப் பயம் இல்லை என்று காரணமும் சொன்னார்கள். ஆனால் வயசாளிகள், டொக்டரின் மொழி தெரியாதவர்கள், நல்ல போன் இல்லாதவர்கள் ஆகியோருக்கு அந்த வசதி சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதும் அதே நாடுகளில் தெரியவந்தது. இந்த மூன்று கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது நம்முடைய லயம்தானே!

இரண்டு கேள்விகள்

2021 கடைசியில் நாங்கள் லயம் லயமாகப் போய் விசாரித்தோம். "போன்ல டொக்டர் பேசினது திருப்தியா?" என்பது முதல் கேள்வி. மேட்டு லயத்திலும் சரி, பணிய லயத்திலும் சரி, பதில் ஒன்றுதான். "நல்லதுங்க ஐயா. ரொம்பத் திருப்தி."

அந்தத் திருப்தியில் பொய் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். கிளினிக் நாள் என்றால் நமக்கு என்ன நடக்கும்? விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க இரண்டு கட்டை நடக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, டொக்டரைப் பார்க்கிறது ஐந்து நிமிஷம். மருந்து எடுக்க இன்னொரு வரிசை. திரும்பி வர பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர் போச்சு. துணைக்கு ஒருவர் வந்தால் இரண்டு பேர் போச்சு. ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு வேறே. போனில் என்றால் இதெல்லாம் மிச்சம். பிரஷர் வருத்தக்காரர் ஒருவர் சொன்னார்: "டிஸ்பென்சரியில அளந்தேன், நம்பரச் சொன்னேன், அதே மருந்தையே போடச் சொன்னாரு. பத்து மணிக்கெல்லாம் மலையில நின்னேன்." இவருடைய திருப்தி முழுத் திருப்தி. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அளந்த கணக்கு கையில் இருக்கிறது, டொக்டருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. போன் வைத்தியம் நன்றாக வேலை செய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியில் எங்கே போனாலும் "தோட்டத்து ஆள்" என்று தள்ளி நிறுத்தப்பட்ட ஆட்கள் நாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் தானாக எடுத்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் மனசு நிறைகிறது. அதில் தப்பில்லை. நல்ல வார்த்தையும் ஒரு மருந்துதான்.

ஆனால் நாங்கள் இரண்டாவது கேள்வி ஒன்றும் வைத்திருந்தோம். "டொக்டர் என்ன சொன்னார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இப்போது எந்தக் குளிசையை எப்போது போடுகிறீர்கள்?" அந்தக் கேள்வி வந்ததும்தான் கதை வேறு மாதிரிப் போனது.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள்

ஒரு வீட்டில் கொப்பியில் எழுதியிருந்தது கொழும்பில் கடையில் நிற்கிற மகனுடைய நம்பர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோல் கொழும்பில்தான் அடித்தது. கடையில் ஆள் நிற்கும் நேரம், மகன் "அம்மா நல்லாத்தான் இருக்காங்க டொக்டர்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அம்மாவைப் பார்த்து ஐந்து மாசம்.

இன்னொரு வீட்டில் கோல் வந்தது, எடுக்கவேயில்லை. ஏன் என்று கேட்டால், "தெரியாத நம்பருங்க. லோன்காரன்னு நெனச்சேன்." நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்தாலும் உண்மை அதுதான். இன்னும் சில வீடுகளில் இருந்தது ஒரே ஒரு போன். அது பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்துக்காகக் கோயிலடிப் பாறைக்குப் போயிருந்தது. அங்கேதான் சிக்னல் கிடைக்கும். டொக்டர் எடுத்த நேரம் நோயாளி லயத்தில், போன் பாறையில்.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டர் சிங்களத்தில் பேசினார். பேரன் எட்டாம் வகுப்பு. அவன்தான் மொழிபெயர்ப்பாளர். சாப்பாட்டுக்கு முந்தி என்பதற்குச் சிங்களத்தில் "கேமட கலின்", சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்கு "கேமட பஸ்ஸே". பையனுக்கு அது மாறிப்போனது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் சீனியைக் குறைக்கிற குளிசைகளில் சிலது சாப்பாட்டுக்குச் சற்று முந்தியும், சிலது சாப்பாட்டோடு அல்லது பிறகும் போடவேண்டியவை. நம்முடைய ஆட்கள் காலையில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலையேறினால், சிலருக்குச் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்வை கொட்டும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். அப்படியான நேரத்தில் ஆளுக்கு நினைவு இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் கொடுக்கவேண்டும். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 1990க்கு அடிக்கவேண்டும்.

அடுத்தது பெண்களின் விஷயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. இஸ்தோப்பில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். போனும் மாமனாருடையது. டொக்டர் "என்ன செய்கிறது?" என்று கேட்டால் ஒரு மருமகள் என்ன சொல்லுவாள்? "வயித்து வலிங்க" என்றாள். வயித்து வலிக்கு மருந்து வந்தது. இரண்டு மாசமாக உதிரம் அளவுக்கு மீறிப் போனதை அவள் சொல்லவில்லை, சொல்ல இடமும் இல்லை. பிறகு குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கீழ்க் கண் இரப்பையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று இருந்தது, இரத்தம் அவ்வளவு குறைவு. நேரில் பார்க்கிற டொக்டர் கண்ணை இழுத்துப் பார்த்திருப்பார். போனுக்குக் கை கிடையாது.

மருந்துப் பார்சலையும் சொல்லவேண்டும். பல லயங்களுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை. தபாலில் வருவதெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான். மருந்து ஆபீசில் கிடக்கும், நோயாளி லயத்தில் மருந்து இல்லை என்று இருப்பார். பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால், யாருக்கு என்ன வருத்தம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மனநோய்க்கு மருந்து எடுக்கிற ஒரு பிள்ளை அதனாலேயே வந்து வாங்கவில்லை.

இத்தனை பேரும் முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னவர்கள்? "ரொம்பத் திருப்தி."

காலைப் பார்க்காத கதை

இன்னொரு அம்மாயியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். பென்சன் எடுத்தவர், வருஷக்கணக்காகச் சீனி வருத்தம். ஊரடங்கு நாட்களில் டொக்டர் மூன்று தடவை அவரோடு பேசினார். மூன்று தடவையும் அம்மாயி, "சொகமா இருக்கேனுங்க, தொரை" என்றார். டொக்டரையும் தொரை என்றுதான் கூப்பிடுவார். டொக்டர் அதே மருந்தை அனுப்பினார்.

அந்த நேரம் அம்மாயியின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. விறகுக்குப் போன இடத்தில் முள்ளோ கல்லோ குத்தியிருக்கலாம். சீனி வருத்தம் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும், குத்தினால் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வலி இல்லாததால் அவர் சொல்லவில்லை. டொக்டர் கேட்டது "எப்படி இருக்கீங்க?" என்று. "பாதத்துக்கு அடியில் யாரையாவது பார்க்கச் சொன்னீர்களா?" என்ற கேள்வி வரவில்லை. கிளினிக்குக்குப் போயிருந்தால், செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அல்லது நொண்டி நடப்பதைத் தாதியாவது கண்டிருப்பார்.

பேத்திக்கு வாடை தெரிந்துதான் விஷயம் வெளியே வந்தது. 1990 வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் விரலை எடுக்கவேண்டி வந்தது. நல்ல வேளை, கால் தப்பியது. நாங்கள் விசாரிக்கப் போனபோது துணி சுற்றிய காலோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். போனில் பேசிய டொக்டரைப் பற்றிக் கேட்டோம். "தங்கமான மனுசன். ஒரு நாளு கோவிச்சுப் பேசல. எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்.

அம்மாயி சொன்னது மனசார. அந்த டொக்டரும் நல்லவர்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பேசினாரோ! இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் திருப்தி, விரல்தான் போனது. ஆகவே நாங்கள் சொல்கிறோம், திருப்தி என்பது டொக்டர் எப்படிப் பேசினார் என்பதை மட்டும் வைத்து அளக்கிற ஒன்றல்ல. நம்முடைய வருத்தம் டொக்டருக்குப் போய்ச் சேர்ந்ததா, டொக்டர் சொன்னது நமக்கு விளங்கியதா, இந்த இரண்டையும் வைத்துத்தான் அளக்கவேண்டும்.

போனை எடுக்க முந்தி

அப்படியானால் நாம் என்ன செய்யவேண்டும்? டொக்டரின் கண்ணும் கையும் இங்கே இல்லை. ஆகவே நம்முடைய கண்ணும் கையும்தான் அவருக்கு உதவவேண்டும்.

முதலாவது, கொப்பியில் சரியான நம்பர். லயத்தில் இருக்கிற ஆளின் நம்பர் ஒன்றும், பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றுமாக இரண்டு எழுதுங்கள். நம்பர் மாறினால் அடுத்த கிளினிக்கில் மாற்றுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கமாக எந்த நம்பரில் எடுக்கிறார்கள் என்று கேட்டு, பெயர் போட்டுப் போனில் பதிந்து வையுங்கள். அப்போது லோன்காரன் பயம் இருக்காது.

இரண்டாவது, அளந்த கணக்கு. பிரஷர்காரர் டிஸ்பென்சரியில் இரண்டு மூன்று நாள் அளந்து, திகதியோடு எழுதி வைக்கவேண்டும். சீனி வருத்தக்காரர் சோதித்த கணக்கை எழுதி வைக்கவேண்டும். தினமும் இரவில் பாதத்தை அடியில், விரல் இடுக்கில் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம் எது கண்டாலும் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டும்.

மூன்றாவது, சின்னப் பிள்ளைகளின் மூச்சு. சளி, காய்ச்சல் என்று போனில் சொல்வதற்கு முந்தி, பிள்ளை அழாமல் இருக்கும் நேரம் சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை 50ம் அதற்கு மேலும், ஒரு வயசிலிருந்து ஐந்து வயசு வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு. அத்தோடு போன் பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும்.

கொவிட் காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவியைக் கண்டிருப்பீர்கள். அது 95க்குக் குறைந்து காட்டினால் டொக்டருக்குச் சொல்லவேண்டும். ஆனால் நம்முடைய மலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் அது பிழையாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள், நகப்பூச்சு இருந்தால் துடையுங்கள். கறுத்த தோலில் அந்தக் கருவி சில நேரம் கூட்டிக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க டொக்டர்மார் எழுதினார்கள். ஆகவே கருவி நல்ல நம்பர் காட்டினாலும், மூச்சு வாங்கினால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காவது, குளிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டொக்டர் சொல்லி முடித்ததும், "நான் திருப்பிச் சொல்றேன் டொக்டர், சரியான்னு பாருங்க" என்று சொல்லி, எந்தக் குளிசை, எத்தனை, எப்போது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. பிழை வந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாவது, மொழி. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. "தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா?" என்று கேட்பது நம்முடைய உரிமை. யாரும் இல்லை என்றால், சின்னப் பிள்ளையை வைத்துப் பேசாமல், டிஸ்பென்சரிக்கு வாருங்கள். வைத்திய உதவியாளர் ஐயாவோ, சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரிய ஆள் ஒருவரோ பேசட்டும். பெண்களின் விஷயமாக இருந்தால் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லி, அவர் இருக்கும் இடத்தில் பேசுங்கள். ஆண்களே, வீட்டுப் பெண்கள் டொக்டரிடம் பேசும்போது போனைக் கொடுத்துவிட்டு இஸ்தோப்பை விட்டு எழும்பிப் போங்கள். கால் மணித்தியாலம் பீலிக்கரைப் பக்கம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

போன் உதவாத இடங்கள்

சில வருத்தத்துக்குப் போன் டொக்டர் கிடையாது. நேரே ஆஸ்பத்திரிதான். நெஞ்சை அழுத்துகிற வலி. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் ஒரு பக்கம் விழுவது, பேச்சு குழறுவது, இது சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கு உதிரம் படுவது, தண்ணீர் உடைவது, கண் மங்கி மண்டை வலிப்பது, வலிப்பு வருவது, வயிற்றில் பிள்ளை அசைவது குறைவது. பாம்பு கடித்தால், மருந்து தெளிக்கும்போது நஞ்சு உடம்பில் ஏறினால். குளவி கொட்டி மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், அல்லது பல இடத்தில் கொட்டியிருந்தால். நம்முடைய மலைகளில் குளவி என்ன செய்யும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் 1990. இந்த அம்புலன்ஸ் சேவை 2016இல் இரண்டு மாகாணத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. காசு கிடையாது. ஆனால் வண்டிக்காரர் "எங்கே வரவேண்டும்?" என்று கேட்டால், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், பாதை திரும்புகிற இடம், கோயிலோ பாலமோ ஓர் அடையாளம் எல்லாம் சொல்லத் தெரியவேண்டும். விலாசம் இல்லாத நமக்கு அதுதான் விலாசம். லயத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வண்டி ஏறாத பாதை என்றால், நோயாளியை எந்த இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவது என்பதையும் இளைஞர்கள் இப்போதே பேசி வையுங்கள். மனசு உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் 1926 என்ற மனநல இலக்கம் இருக்கிறது. அந்த நேரத்தில் பேசுவதற்கு ஒரு குரல் கிடைப்பது பெரிய காரியம்.

குறை சொல்வது நன்றி கெட்ட வேலை அல்ல

கடைசியாக ஒரு விஷயம். நம்முடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து யார் வந்து கேட்டாலும் "ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிடுவோம். குறை சொன்னால் வந்ததும் வராமல் போய்விடுமோ என்ற பயம். நன்மை செய்தவரைக் குறை சொல்வது பாவம் என்ற எண்ணமும் உண்டு. அந்தக் குணத்தை நாங்கள் குறைவாகப் பேசவில்லை. ஆனால் "திருப்தி, திருப்தி" என்று பத்து லயத்திலும் எழுதிக்கொண்டு போனால், மேலே இருக்கிறவர்கள் அதை வாசித்து, "தோட்டத்துக்கு இது போதும்" என்று முடிவு செய்துவிடுவார்கள். தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, கிளினிக் வண்டி மாசத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்கு ஏறவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே இனிமேல் யாராவது வந்து கேட்டால் நல்லதையும் சொல்லுங்கள், குறையையும் சொல்லுங்கள். "டொக்டர் நல்லாப் பேசினாருங்க. ஆனா பாதி வெளங்கல." "மருந்து வந்திச்சுங்க. ஆனா எட்டு நாள் ஆபீசில கெடந்திச்சு." இப்படிச் சொன்னால் போதும். டொக்டருக்கும் அது உதவிதான்.

எங்கள் பக்கத்திலிருந்து மூன்று வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு லயத்திலும் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று பார்த்து எழுதுகிறோம். தபாலில் மருந்து வந்தால், பெயர் கூப்பிடாமல் டிஸ்பென்சரியில் கையில் கொடுக்கும்படி தோட்டத்துரையிடம் கேட்டு, சம்மதமும் வாங்கியிருக்கிறோம். டிஸ்பென்சரியில் கதவு பூட்டுகிற ஓர் அறையில் ஒரு நாற்காலி போட்டு, போனில் டொக்டரோடு தனியாகப் பேசுவதற்கு இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வேலை, இந்த மாசத்துக்குள் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து, நம்பர் சரியா என்று பார்த்துப் போவது. சீனி வருத்தக்காரர்கள் இன்று இரவே பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது.

இப்போது கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கடதாசி தருவோம். அதில் "திருப்தியா?" என்று ஒரு கேள்வி இல்லை. "டொக்டர் என்ன சொன்னார்? உங்களுக்கு விளங்கியதா? சொல்லாமல் விட்டது எது?" என்று மூன்று கேள்வி இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதுவோம், வேறு யாருக்கும் காட்டமாட்டோம்.